ஹாட் ராடை திட்டித் தீர்த்த நாமளே எப்படி ராடிமஸ் ரசிகர் ஆனோம்?

உதிரிபாகம்
ரொம்ப நாளா மண்டைய குடையுற விஷயம், இங்க கொட்டிடறேன். 1986ல வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (வண்டியா மாறுற ரோபோங்க கதை) அனிமேஷன் படத்த நான் மொத தடவ பார்த்தப்ப எனக்கு எட்டு வயசு, மாமா வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்த வீடியோ கேசட்டு, படம் பாதிகூட தாண்டல, நல்லவங்களான ஆட்டோபாட் கூட்டத்தோட தலைவர் ஆப்டிமஸ் ப்ரைம் செத்துப்போறாரு, நான் அழுத அழுகையில பாட்டி ஓடிவந்து டிவிய ஆஃப் பண்ணிட்டாங்க. அன்னிலேர்ந்து அவர் கூட்டத்து இளசு ஹாட் ராட் பேர கேட்டாலே எனக்கு எரிச்சல். ஆப்டிமஸ், எதிரி டிசெப்டிகான் கூட்டத்து தலைவன் மெகாட்ரான அடிச்சு கீழ தள்ளியாச்சு, கத முடிஞ்சுதுன்னு நெனைக்கும்போது இந்த பய நடுவுல பூந்து அவன் கையில சிக்கிடுவான், மெகாட்ரான் இவனயே கேடயமா பிடிச்சுக்கிட்டு ஆப்டிமஸ சுடுவான். சரி அதோட போச்சான்னா இல்ல, கடைசில அதே ஹாட் ராட்தான் தலைவருங்க கைமாத்துற மேட்ரிக்ஸ்ங்கற சக்திப் பொருள திறந்து, கிரகத்தயே முழுங்குற யூனிக்ரான ஒடச்சு ராடிமஸ் ப்ரைம்னு பேர் வச்சுக்கிட்டு தலைவர் ஆகிடுவான். அப்பன கொன்னவனுக்கே சொத்த எழுதி வச்ச கதை.

இப்ப நாப்பது தாண்டியாச்சு. போன வருஷம் ஒருத்தர் சொன்னாருன்னு ஐடிடபிள்யூ வெளியிட்ட 'மோர் தேன் மீட்ஸ் தி ஐ' டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸ் எடுத்தேன், 2012ல ஆரம்பிச்சது, ஜேம்ஸ் ராபர்ட்ஸ் எழுதுனது. இருபது இஷ்யூ போறதுக்குள்ள எனக்கு புடிச்ச கேரக்டர் யாருன்னு கேட்டா ராடிமஸ்னு சொல்ற நெலமைக்கு வந்துட்டேன். எனக்கே வெக்கமா இருக்கு. முப்பது வருஷ வெறுப்பு எங்க போச்சு? எப்படிய்யா பண்ணாங்க?

பழைய பொட்டி
வாங்க வாங்க, இந்த வியாதி எங்க எல்லாருக்கும் வந்து போனதுதான் 😄

ஒரு விஷயம் மொதல்ல சொல்லிடறேன், ஹாட் ராட் மேல வந்த வெறுப்புக்கு ஹாட் ராட் காரணமே இல்ல. பொம்மை கம்பெனி ஹாஸ்ப்ரோ 1984, 85 பொம்மைங்கள கடையிலேர்ந்து தூக்கிட்டு 86 பொம்மைங்கள விக்கணும், அவ்ளோதான் கணக்கு. அதான் படத்துல அயர்ன்ஹைட், ரேச்சட், ப்ரால், ப்ரான்னு வரிசையா காலி. டிசெப்டிகான் ஸ்டார்ஸ்க்ரீம கால்வட்ரான் (மெகாட்ரானோட புது உருவம்) சுட்டு சாம்பலாக்குறான். பசங்க இவங்க மேல உயிரையே வச்சிருக்காங்கன்னு எழுதுனவங்களுக்கே அப்ப புரியல. தியேட்டர்ல பசங்க அழுது, அம்மாங்க லெட்டர் போட்டு, ஹாஸ்ப்ரோவோட இன்னொரு பொம்மைய வச்சு அடுத்து வர வேண்டிய ஜி.ஐ.ஜோ படத்துல ஹீரோ ட்யூக் சாகறதா இருந்தத கோமான்னு டயலாக் மாத்தி சமாளிச்சாங்க. 87 ஆரம்பத்துலயே ஆப்டிமஸ டிவில திருப்பி கொண்டாந்துட்டாங்க.

ஆனா எட்டு வயசு பையன் ஹாஸ்ப்ரோ மேல கோவப்பட முடியுமா, ஸ்க்ரீன்ல யாரு நிக்கிறானோ அவன் மேலதான் கோவப்படுவான். அங்க நின்னது ஹாட் ராட்.

கியர்பாக்ஸ் கண்ணன்
அது பாதி உண்மைதான் பொட்டி அண்ணே. படத்த திரும்ப போட்டு பாருங்க, கீழ விழுந்து கெடக்குற மெகாட்ரான் கெஞ்சுற மாதிரி நடிச்சுக்கிட்டே கைய துப்பாக்கி பக்கம் நீட்டுறான், அத பாத்துட்டுதான் ஹாட் ராட் பாயுறான். பையன் செஞ்சது தப்பில்ல, நேரம் தப்பு.

எனக்கு கோவம் அதுக்கப்புறம் வந்த டிவி கார்ட்டூன் மூணாவது சீசன் மேலதான். ராடிமஸ் ப்ரைம் ஆனதும் மொகத்துல சுருக்கம், கொரல்ல சோகம், எபிசோட் தவறாம நான் ஆப்டிமஸ் மாதிரி இல்லையேன்னு ஒரே பொலம்பல். பசங்க காலைல எந்திரிச்சு டிவி போட்டது ஆபீஸ் போற அப்பா மாதிரி ஒரு ரோபோ பெருமூச்சு விடறத பாக்கவா? ஜப்பான்ல ஹெட்மாஸ்டர்ஸ்னு தொடர்ச்சி எடுத்தவங்க இன்னும் வெவரம், பத்து எபிசோட்லயே புது கிரகம் தேடி போறேன்னு சொல்ல வச்சு ஆள வண்டியேத்தி அனுப்பிட்டாங்க.

உதிரிபாகம்
ஆமா ஆமா அந்த பொலம்பல் 😂 அவனோட வண்டி வேற. ஹாட் ராட்னா தீ ஜுவாலை போட்ட ஸ்போர்ட்ஸ் கார், ராடிமஸ் ப்ரைம் ஆனதும் குடும்பத்தோட டூர் போற வேன் மாதிரி ஒண்ணு. புரமோஷன் வந்ததும் தொப்ப போட்ட கணக்கா.

அகிலா_ர
உள்ள வரலாமா. நான் கார்ட்டூனே பாக்காம நேரா காமிக்ஸ்லேர்ந்து ஆரம்பிச்ச ஆளு, எனக்கு ராடிமஸ் மேல பழைய பகை எதுவும் கெடையாது, அதனால நான் பாக்குற பார்வை கொஞ்சம் வேற.

ராபர்ட்ஸ் அவன நல்லவனா மாத்தல. இத யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. அவர் எழுதுன ராடிமஸ் ஒரு தற்பெருமை புடிச்ச ஆளு. தன் பேர்லயே ராடிமஸ் ஸ்டார்னு ஒரு மெடல் அடிச்சு கப்பல்ல இருக்கறவங்களுக்கு குடுக்கறான். ராட்பாட்னு ஒரு குட்டி கப்பல், அது அவன் தலை ஷேப்புல இருக்கும், அவன் தலை! ரோபோங்க சொந்த கிரகம் சைபர்ட்ரானோட நைட்ஸ (வீரர்கள) தேடிப் போறேன்னு ஊரக் கூட்டி லாஸ்ட் லைட்னு ஒரு கப்பல எடுத்துட்டு கெளம்புவான், கெளம்பும்போதே வெடிக்கும், ஆளுங்க வெளிய சிதறுவாங்க. மொத இஷ்யூலயே.

அதாவது ரசிகர்கள் இருபத்தஞ்சு வருஷமா எதுக்கு திட்டுனாங்களோ, அவசரக்குடுக்க, தகுதியில்லாத தலைவன், விளம்பர மோகம், அத ஒண்ணகூட அவர் எடுக்கல. எடுக்காம அந்த கப்பல்ல இருக்குற மத்தவங்க வாயில போட்டுட்டாரு. நாம திட்ட வேண்டியத அல்ட்ரா மேக்னஸ் திட்டறாரு, ரேச்சட் (படத்துல செத்தவர்தான், காமிக்ஸ் தனி கதை) திட்டறாரு. கதைக்குள்ளயே ஒருத்தன் திட்டு வாங்கிட்டு நிக்கும்போது வெளிய இருக்குற நாம என்ன பண்ணுவோம், சரி விடுங்கப்பா பாவம்னு அவன் பக்கம் சாஞ்சிருவோம். வீட்லயும் அப்படித்தானே நடக்குது, அம்மா தம்பிய திட்ட ஆரம்பிச்சதும் நாம போய் நடுவுல நிக்கறதில்லையா.

பழைய பொட்டி
அகிலா இத இவ்ளோ நாள் எங்க வச்சிருந்தீங்க. அந்த தம்பி உதாரணம் பிரமாதம்.

விமர்சகன் வேலு
நான் ஒத்துக்க மாட்டேன். இதெல்லாம் வெள்ளையடிக்கற வேலை. பழைய பேர எடுத்துக்கிட்டு உள்ள புதுசா ஒருத்தன உக்கார வச்சா அது அந்த கேரக்டரா? டெயில்கேட்ட எடுத்துக்கங்க, 86ல வந்த மினிபாட் (குட்டி ரோபோ) பொம்மை, கதைன்னு பெருசா ஒண்ணுமே இல்ல. ராபர்ட்ஸ் என்ன பண்ணாரு, போர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு குழில விழுந்து அறுபது லட்சம் வருஷம் உள்ளயே கெடந்தான், மொத்த போரயும் மிஸ் பண்ணிட்டான்னு ஒரு கதை கட்டுனாரு. நல்ல கதைதான். ஆனா அது டெயில்கேட்டா? எந்த பேர் வச்சாலும் ஓடிருக்கும். சைக்ளோனஸும் அப்படித்தான், கார்ட்டூன்ல கால்வட்ரான் பின்னாடி கை கட்டி நின்ன ஆளு, இங்க பழைய மொழில பாட்டு பாடற தனிமையான வீரன். ரெண்டு பேரயும் ஒரே ரூம்ல போட்டு நம்மள அழ வச்சாச்சு. இது ஏற்கனவே வெறுத்த கேரக்டர புடிக்க வைக்கற வேலை இல்ல. காலி மனைல வீடு கட்டுற வேலை.

கியர்பாக்ஸ் கண்ணன்
வேலு சார் சொல்றது டெயில்கேட்டுக்கு சரி, சைக்ளோனஸுக்கு முக்காவாசி சரி. ஆனா ராடிமஸ் காலி மனை கெடையாது சார். அங்க ஏற்கனவே ஒரு பொணம் கெடக்கு, ஆப்டிமஸோட பொணம். அத ஒதுக்கிட்டு வீடு கட்ட முடியாது.

இத கொஞ்சம் நீட்டி சொல்றேன், கதை தெரிய வேணாம்னு நெனைக்கறவங்க இந்த பத்திய தாண்டிப் போயிடுங்க. ஓவர்லார்ட்னு ஒரு டிசெப்டிகான், சும்மா கொல்றதுக்காகவே கொல்றவன், 2010ல வந்த 'லாஸ்ட் ஸ்டாண்ட் ஆஃப் தி ரெக்கர்ஸ்' கதைல ஒரு ஜெயிலையே நாசம் பண்ணவன். அவன லாஸ்ட் லைட் கப்பலோட அடித்தட்டுல ரகசியமா பூட்டி வச்சிருக்காங்க. கேப்டன் ராடிமஸுக்கு தெரியும். கப்பல்ல இருக்கறவங்களுக்கு தெரியாது. அவன் வெளிய வர்றான், ஆளுங்க சாகறாங்க, ரீவைண்ட்ங்கற ரோபோ செத்தது அங்கதான், அந்த இஷ்யூவ படிச்சிட்டு நான் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்புறம் பழி யார் மேலன்னு வரும்போது ராடிமஸோட கூட்டாளி ட்ரிஃப்ட் மொத்தத்தயும் தன் தலைல போட்டுக்கிட்டு கப்பல விட்டு போறான், ராடிமஸ் வாய தொறக்காம நிக்கறான்.

இப்ப 1986 படத்த பக்கத்துல வச்சு பாருங்க. யோசிக்காம ஒரு முடிவு, அதனால வேற ஒருத்தர் சாவு, பழிய வேற ஒருத்தர் சுமக்கறது. அதே தப்பு! ராபர்ட்ஸ் அத மறைக்கல, மறுபடி நடக்க வச்சாரு. ஒரே வித்தியாசம், படத்துல அந்த தப்புக்கு கிரீடம் கெடச்சுது, இங்க ராத்திரி தூக்கம் போச்சு. அப்புறம் அவனே எல்லாரயும் கூப்ட்டு ஆமா எனக்கும் தெரியும்னு ஒத்துக்கிட்டு நான் கேப்டனா இருக்கணுமா வேணாமான்னு ஓட்டு போடுங்கன்னு விட்டுடறான். அந்த எடத்துலதான் எனக்கு அவன புடிச்சுது, மன்னிச்சேன்னு இல்ல, புடிச்சுது. ரெண்டும் வேற.

விமர்சகன் வேலு
ம். அந்த ஓட்டு சீன் நல்ல சீன்தான், அத இல்லைன்னு சொல்லல.

கோபி_ஈரோடு
ஏனுங்க, ஓட்டுன்னதும் ஞாபகம் வருதுங்க, பேட்மேன் பக்கம் ஜேசன் டாட் (பேட்மேனோட உதவியாள் ராபினா வந்த ரெண்டாவது பையன்) கதைய விட்டுட்டு இந்த பேச்சு பேச முடியுங்களா? 1988ல ராபின் சாகணுமா வேணாமான்னு வாசகர்களுக்கே ரெண்டு போன் நம்பர் குடுத்தானுங்க, ஒரு காலுக்கு 50 சென்ட். சாகட்டும்னு 5,343, பொழைக்கட்டும்னு 5,271. வெறும் 72 ஓட்டுல பையன் போனானுங்க. ஒரே ஆள் கம்ப்யூட்டர்ல செட் பண்ணி திரும்ப திரும்ப போன் போட்டான்னு கேள்விப்பட்டதா எடிட்டர் டென்னிஸ் ஓநீலே பின்னாடி சொன்னாரு, நெஜமோ பொய்யோ. நம்மூர்ல கள்ள ஓட்டுன்னா எல்லாருக்கும் புரியும், அங்க அத காமிக்ஸுக்கு போட்டுருக்கானுங்க.

அந்த பையன ஏன் வெறுத்தாங்கன்னா, 83ல மொதல்ல வந்தப்ப மொத ராபின் டிக் கிரேசனோட ஜெராக்ஸ், அதே சர்க்கஸ் குடும்பம். 87ல மாத்தி எழுதி பேட்மேன் காரோட டயர திருடற தெருப்பையனா ஆக்குனாங்க, அது நல்ல ஆரம்பம்தானுங்க, ஆனா அப்புறம் எழுதுன ஜிம் ஸ்டார்லினுக்கு ராபின்ங்கற ஐடியாவே புடிக்காது, பையன் மேல மேல கோவக்காரனா ஆயிட்டே போனான், கடைசில ஜோக்கர் கம்பியால அடிச்சு குண்டு வச்சு கொன்னான்.

2005ல ஜட் வினிக் அவன ரெட் ஹூடா திருப்பி கொண்டாந்தாருங்க. இவ்ளோ ஃபேமஸ் ஆனதுக்கு காரணம் ஒரே கேள்விதான். என்ன நீ காப்பாத்தல, அதுக்கு எனக்கு கோவம் இல்ல, ஆனா என்ன கொன்னவன் இன்னும் ஏன் உசுரோட இருக்கான்? பேட்மேன்கிட்ட அவன் கேக்கற கேள்வி. இத கேக்கற தகுதி வேற எந்த ராபினுக்கும் இல்லீங்க, செத்தவன் மட்டும்தான் கேக்க முடியும். வாசகர் போட்ட ஓட்டையே அவனுக்கு மூலதனமா ஆக்கிட்டாரு.

அகிலா_ர
கோபி அண்ணா, கடைசி வரி 👌 2010ல வந்த அனிமேஷன் படத்துல அந்த சீன பாத்துட்டு நான் ஜேசன் கட்சி ஆயிட்டேன். ஆனா அவன் எப்படி உயிரோட வந்தான்னு மட்டும் கேக்காதீங்க, காமிக்ஸ்ல வேற ஒருத்தன் பிரபஞ்சத்தோட சொவத்துல குத்து விட்டதுல எழுந்து வந்தானாம் 🤦 படத்துல அத தூக்கிட்டு லாசரஸ் குழின்னு (செத்தவங்கள எழுப்புற குழி) மாத்துனது எவ்ளோ நல்ல வேலை.

கடைநிலை வாசகன்
ட்ரிஃப்ட் பேர் மேல வந்துச்சு, அவன பத்தி யாரும் பேசலயே. எனக்கு ஹாட் ராடவிட பெரிய அதிசயம் அவன்தான். 2008ல 'ஆல் ஹெயில் மெகாட்ரான்'ல ஷேன் மெக்கார்த்தி புதுசா கொண்டாந்த கேரக்டர், முன்னாள் டிசெப்டிகான், முதுகுல வாள், இடுப்புல ரெண்டு வாள், எல்லாரயும் அடிப்பான், சோகமான கடந்த காலம் வேற. பதினஞ்சு வயசு பையன் நோட்டு கடைசி பக்கத்துல வரையுற ஹீரோ இல்லையா அது? வந்த அன்னிக்கே நெட்ல கிழிச்சு தொங்க விட்டாங்க, நானும் கிழிச்சேன், பழைய போஸ்ட் இன்னும் இருக்கும் தேடாதீங்க.

ராபர்ட்ஸ் அவன்கிட்டேர்ந்து எதையும் புடுங்கல. வாளும் இருக்கு, கடந்த காலமும் இருக்கு. கூட ஒண்ணு சேத்தாரு, பக்தி. எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு, ஒளிவட்டம் தெரியுதுன்னு பேசற ஆளு. பக்கத்துல நாத்திகம் பேசற கெழட்டு டாக்டர் ரேச்சட். இவன் ஆரம்பிச்சாலே அவர் கண்ண உருட்டுவாரு. ட்ரிஃப்ட் கப்பல விட்டு போனப்புறம் அதே ரேச்சட்தான் தேடி போறாரு. அந்த எடத்துல என் பழைய போஸ்ட் எனக்கே ஞாபகம் வந்துச்சு.

பந்தாவா நிக்கறவன எல்லாருக்கும் எரிச்சலா இருக்கும். அவன் பக்கத்துல அந்த பந்தாவ மதிக்காத ஒரு ஆள நிக்க வச்சா சரியாயிடும் போல.

பழைய பொட்டி
ராபர்ட்ஸுக்கு இது எப்படி கை வந்துச்சுன்னா, அவரே நம்மள மாதிரி ரசிகர்தான். மார்வெல் பிரிட்டன்ல வாராவாரம் போட்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படிச்சு வளந்தவர், சைமன் ஃபர்மன் எழுதுனது, 332 இதழ் வந்துச்சு. அப்புறம் யூஜெனிசிஸ்னு ஒரு முழு நாவலே ரசிகர் கதையா எழுதுனாரு, காசுக்கு இல்ல. வெறுத்தவன் கூட்டத்துலயே உக்காந்திருந்தவனுக்குத்தான் எந்த எடத்துல வலிக்குதுன்னு தெரியும்.

ஆனா இன்னொரு தமாஷ் கேளுங்க. ஹாட் ராடுக்கு சொந்த ஊர் நியான்னு ஒண்ணு குடுத்து, அப்ப தலைவரா இருந்த ஜீட்டா ப்ரைம் அந்த ஊர் ஜனங்களோட சக்திய உறிஞ்சி எடுக்கும்போது வேற வழியில்லாம ஹாட் ராடே தன் ஊர வெடி வச்சு தகர்க்கற மாதிரி ஒரு கதை வந்துச்சு, 2012ல, 'ஆட்டோக்ரசி'. எழுதுன ரெண்டு பேர்ல ஒருத்தர் ஃப்ளின்ட் டில். யாரு? 86 படத்துல கதை வேலை பார்த்த அதே ஆள்! 26 வருஷம் கழிச்சு வந்து பையனுக்கு ஒரு நியாயம் பண்ணிட்டு போயிருக்காரு. பிராயச்சித்தமா தற்செயலான்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு பிராயச்சித்தம்னு நெனச்சுக்க ஆச.

உதிரிபாகம்
அய்யோ இது எனக்கு தெரியாதே!! ஃப்ளின்ட் டில்லா? சரி எட்டு வயசு உதிரிபாகம் சார்பா பாதி மன்னிச்சாச்சு.

விமர்சகன் வேலு
எல்லாரும் உருகுறீங்க, ஒரு கேள்வி. மெகாட்ரான்? 2014லேர்ந்து அவனயும் ஆட்டோபாட்னு சொல்லி ராடிமஸோட சேர்ந்து கேப்டன் ஆக்கிட்டாங்க. சுரங்கத் தொழிலாளி, சண்டையே வேணாம்னு துண்டறிக்கை எழுதுன எழுத்தாளன்னு பழைய கதை. வாசிக்க நல்லாத்தான் இருந்துச்சு, நானும் வாசிச்சேன். ஆனா கிரகம் கிரகமா அழிச்சவன் சார் அவன். அவசரக்குடுக்கைய புடிக்க வைக்கறது வேற, இவன புடிக்க வைக்கறது வேற. நெட்ல பாதி பேர் அவன கட்டிப்புடிச்சு படம் வரையறாங்க. இங்க எங்கயோ ஒரு கோடு இருக்கணும்ல?

அகிலா_ர
வேலு சார் இது நியாயமான கேள்வி. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. கதைல வர்ற பாதி பேரும் அவன மன்னிக்கல, அதுதான் எனக்கு கொஞ்சம் ஆறுதல். ஆனா அங்கயும் அந்த பழைய தந்திரம்தான் வேல செஞ்சுது, உள்ள இருக்கறவங்க வெறுக்க வெறுக்க வெளிய நமக்கு எரக்கம் வந்துருது. ராடிமஸுக்கு அது சரி. மெகாட்ரானுக்கு சரியான்னு எனக்கு இன்னும் தெளிவில்ல. ஆனா மெகாட்ரான் வந்ததுல லாபம் ராடிமஸுக்குத்தான், ஆப்டிமஸ சுட்டவனும் சுட வழி விட்டவனும் ஒரே கப்பல்ல ரெண்டு கேப்டன், எவன் நாற்காலி பெருசுன்னு சண்டை. 86 படத்த பாத்தவங்களுக்கு அந்த காமெடிக்கு அடியில ஒண்ணு ஓடும்ல.

கடைநிலை வாசகன்
இன்னொண்ணு கவனிச்சீங்களா, ஒருத்தன மேல தூக்கும்போது இன்னொருத்தன் கீழ போறான். கெட்அவே ஞாபகம் இருக்கா? 88 பவர்மாஸ்டர் பொம்மை, காமிக்ஸ்ல வந்தப்ப எல்லாருக்கும் புடிச்ச ஜாலி ஆளு. அவன்தான் கடைசில கலகம் பண்ணி ராடிமஸ், மெகாட்ரான் எல்லாரயும் ஒரு கிரகத்துல விட்டுட்டு கப்பல ஓட்டிட்டு போறான். ஆனா அவன் சொன்ன காரணத்த பாருங்க, ராடிமஸ் தகுதியில்லாத கேப்டன், மெகாட்ரான் கொலைகாரன். இத நாம தானேய்யா 86லேர்ந்து சொல்லிட்டிருந்தோம்! நம்ம வாதத்த எடுத்து வில்லன் வாயில வச்சுட்டாரு. அநியாயம்.

கியர்பாக்ஸ் கண்ணன்
😂😂 நெஜமா அநியாயம். நான் கெட்அவேக்கு ஓட்டு போட்டிருப்பேன், பத்து வயசுல.

எடமும் ஒரு காரணம்ங்கறத மறந்துடாதீங்க. கார்ட்டூன் எபிசோட் இருபது சொச்சம் நிமிஷம், அதுல பாதி லேசர் சண்டை. ராபர்ட்ஸுக்கு 57 இஷ்யூ, அப்புறம் 'லாஸ்ட் லைட்'னு பேர் மாத்தி 25, ஆக மொத்தம் 82, 2018 வரைக்கும் ஒரே ஆள் எழுதிருக்காரு. ஆறேழு வருஷம் கூடவே இருந்தா பக்கத்து வீட்டு சண்டைக்காரர்கூட புடிச்சு போயிடுவாரு. அலெக்ஸ் மில்ன் வரைஞ்ச மூஞ்சிங்கள சொல்லாம இருக்க முடியாது, ரோபோ புருவத்துல இவ்ளோ நடிப்பு நான் எங்கயும் பாத்ததில்ல.

புதுசு_2
வணக்கம், ஒரு மாசமா எட்டி நின்னு படிச்சிட்டிருந்தேன், இந்த பேச்சுக்கப்புறம் தாங்கல. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? பேர் எல்லாம் ஒரே கொழப்பமா இருக்கு.

பழைய பொட்டி
வாங்க தம்பி (தங்கச்சியா?). மொதல்ல 'லாஸ்ட் ஸ்டாண்ட் ஆஃப் தி ரெக்கர்ஸ்', அஞ்சே இஷ்யூ, நிக் ரோச்சும் ராபர்ட்ஸும் சேந்து பண்ணது, யார் மேலயும் பாசம் வைக்காம படிங்க, முடியாது ஆனா முயற்சி பண்ணுங்க. அடுத்து 'தி டெத் ஆஃப் ஆப்டிமஸ் ப்ரைம்', தலைப்ப பாத்து பயப்படாதீங்க, அவர் சாகல, பேர துறந்துட்டு ஓரியன் பேக்ஸா கெளம்பி போயிடறாரு. அப்புறம் 'மோர் தேன் மீட்ஸ் தி ஐ' ஒண்ணுலேர்ந்து நேரா. நடுவுல 'டார்க் சைபர்ட்ரான்'னு பன்னண்டு பாகம் ஒண்ணு குறுக்க வரும், வேற சீரிஸோட கலந்து ஓடும், பல்ல கடிச்சுக்கிட்டு தாண்டிருங்க, தாண்டுனா மெகாட்ரான் கப்பல் ஏறுற எடம்.

உதிரிபாகம்
அத முழுசா விட்டுராதீங்க, விட்டா அடுத்தது புரியாது. நான் விட்டுட்டு முழிச்சேன்.

புதுசு_2
தங்கச்சிதான் 🙂 ரொம்ப நன்றி அண்ணா.

(ரெண்டு நாள் கழிச்சு) ரெக்கர்ஸ் முடிச்சேன். எதுவும் பேச விரும்பல. மோர் தேன் மீட்ஸ் தி ஐ நாலு இஷ்யூ ஆச்சு, ராடிமஸ எனக்கு இன்னும் புடிக்கல, அவன் பண்றது எல்லாம் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பண்றது மாதிரியே இருக்கு. ஒரு சந்தேகம், கண்ணாடி போட்ட ஒரு டாக்டர் வர்றாரே, மனநல டாக்டர், எல்லாரும் அவர் பேர தப்பு தப்பா சொல்றாங்களே, அவர் யாரு?

கியர்பாக்ஸ் கண்ணன்
எந்த டாக்டர்?

அகிலா_ர
ரிங்கா? ராங்கா?

விமர்சகன் வேலு
அப்படி யாரும் இருந்த மாதிரி ஞாபகம் இல்லையே.